தோள்வலி என்று எழுதிய துண்டு

மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்து இன்றோடு நாலு நாள் ஆகிறது. வழக்கமாக நீ வைத்ததும் நானும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அன்றைக்கு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்து, பக்கத்து வீட்டு ஆமினா வந்து, "என்னா மாமா, கரிஞ்ச மணம் வருதே, உள்ள ஆள் இருக்கா இல்லயா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன். பந்தலூரில் நாலு நாளாக மழை விடவில்லை. அதையே சாக்காக வைத்துக்கொண்டு வெளியே போகாமல் இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

நீ சொன்னது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு போட்டிருப்பதாகச் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "தோள்வலிப்பா" என்றாய். உடனே நீயே அவசர அவசரமாக, "நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கிட்டு இருந்தா வேற என்னா வரும்?" என்று சிரித்துவிட்டு, மாப்பிள்ளை கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. உன் அம்மா கடைசி வருஷத்தில் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிஜமாகவே உனக்குத் தோள்தான் வலிக்கிறது என்றால், கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி இந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடு. எனக்கு அதைவிட சந்தோஷம் வேறில்லை. ஆனால் நீ திருப்பூரில் பிறந்தவள் இல்லை. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். அங்கே ஒரு பொம்பளை தோள்வலி என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். பேசினால் நீ பேச்சை மாற்றுவாய், நானும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டுத்தான் ஒருத்தியைப் பறிகொடுத்தேன்.

அந்த அர்த்தம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் நான் கொழுந்து சூப்பர்வைசராக இருந்தேன். காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவது, இதுதான் வேலை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் நான் ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், வயது, காரணம். அந்தத் துண்டோடு போனால்தான் டிஸ்பென்சரியில் பார்ப்பார்கள், அன்றைக்கு ஆப்சென்ட் விழாது. எழுதியதைப் பெரட்டில் சத்தமாக வாசிக்கவும் வேண்டும், யாரும் பொய்த் துண்டு வாங்கக் கூடாதென்று மேனேஜர் துரை போட்ட சட்டம். மருந்தடிக்கிற ஆம்பளைகள், ஃபேக்டரி ஆம்பளைகள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

நான் சேர்ந்த முதல் மாசம் மரியம்மா அக்கா என் பக்கத்தில் வந்து, பத்து நாளாக உதிரம் நிற்கவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். நான் அதை அப்படியே எழுதி, அப்படியே வாசித்துவிட்டேன். ஆம்பளைகள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம். அந்த அக்கா டிஸ்பென்சரிக்கும் போகவில்லை, வேலைக்கும் நாலு நாள் வரவில்லை. அடுத்த தடவை ஒருத்தி வந்து நின்று வாயைத் திறக்கத் தயங்கியபோது, நானே "தோள்வலியா?" என்று கேட்டேன். அவள் சட்டென்று தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து பொம்பளைகள் சமாசாரம் எதுவானாலும் தோள்வலிதான். டிஸ்பென்சரியில் இருந்த பழைய கம்பவுண்டர் விவரமானவர். பொம்பளை கையில் தோள்வலித் துண்டைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்காமல் நர்ஸம்மா அறையைக் காட்டிவிடுவார். உள்ளே திரை போட்டு நர்ஸம்மா விசாரித்துக்கொள்வாள். இது இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது, ஒரு சிக்கலும் வரவில்லை. பொம்பளைகள் மானத்தைக் காப்பாற்றுகிற சூப்பர்வைசர் என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது.

இனிமேல் எழுதப் போவதைத்தான் நாலு நாளாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எட்டாம் நம்பர் மலையிலிருந்து நனைந்துகொண்டு வந்த உன் அம்மா, மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் வாசலில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். நீ அப்போது கோயம்புத்தூரில் காலேஜ் கடைசி வருஷம். குளித்துவிட்டு வந்தவள் கதவைச் சாத்திவிட்டு, "என்னாங்க, இங்க ஒண்ணு கல்லு மாரி இருக்கு. பட்டாணி அளவு. அமுக்கினா வலி இல்ல, நகரவும் மாட்டேங்குது" என்று சொல்லி என் கையை எடுத்து அங்கே வைத்தாள். நான் அடுப்பில் கை பட்ட மாதிரி இழுத்துக்கொண்டேன். அவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியவன், பகல் வெளிச்சத்தில் என் பெண்டாட்டியின் மார்பில் கை வைக்கக் கூச்சப்பட்டேன். "வலி இல்லேன்னா ஒண்ணுமில்ல, தன்னால கரைஞ்சிரும்" என்றேன். வலி இல்லாததுதான் பயப்பட வேண்டிய கட்டி என்று பிறகு தெரிந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வது என் பிறவிக் குணம். நீயே எத்தனையோ தடவை சொல்லிக் கேலி செய்திருக்கிறாய்.

அடுத்த வாரம் அவளே கேட்டாள். "கரையல. ஒரு துண்டு எழுதிக் குடுங்க, போய்க் காட்டிட்டு வந்துர்றேன்." திங்கட்கிழமை பெரட்டில் எழுதினேன். பெயர் எழுதினேன், வயது நாற்பத்தேழு என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. மற்ற பொம்பளைகளுக்குக் கை தானாக எழுதிவிடும், சொந்தப் பெண்டாட்டிக்கு எழுதும்போது கொஞ்சம் யோசித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே நிற்கிற அத்தனை ஆம்பளைகளும் என் வீட்டுக்காரியின் மார்பைப் பற்றி நினைக்க வேண்டுமா என்று தோன்றியது. தோள்வலி என்று எழுதினேன். சத்தமாக வாசித்தேன். அவள் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். பழைய கம்பவுண்டர் ரிட்டையராகி இரண்டு மாசம் ஆகியிருந்தது. நர்ஸம்மா பிரசவ லீவில், அந்த அறைக்குப் பூட்டு. வாரத்துக்கு இரண்டு நாள் வெளியூரிலிருந்து ஒரு சின்ன வயசு டாக்டர் வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், துண்டில் எழுதியிருப்பதை நம்புகிறவர். உன் அம்மாவின் கையைத் தூக்கச் சொன்னார், முறுக்கச் சொன்னார், தோள்பட்டையை அழுத்திப் பார்த்தார். "கத்தரி புடிச்சுக் கொழுந்து வெட்ற எல்லாருக்கும் இது இருக்கும்மா. எதுக்கும் எலும்பை ஒரு எக்ஸ்ரே பார்த்துருவோம்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். கூட வந்தது நல்ல புருஷன் என்று காட்டிக்கொள்ள. உண்மையில் நான் வெளியே போயிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். நான் எழுதிய துண்டைப் பொய் என்று என் முன்னாலேயே எப்படிச் சொல்வாள்? நான் சொல்ல வேண்டும் என்று என்னைப் பார்த்தாள். நான் எடை பார்க்கும் மெஷினைப் பார்த்தேன்.

டவுனுக்குப் போய்ப் படம் எடுத்தோம். எலும்பு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கறுப்பு ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பரீட்சையில் பாஸான மாதிரி சந்தோஷம். உன் அம்மா மெதுவாக, "அந்தக் கட்டி இதுல தெரியுமா?" என்று கேட்டாள். "எக்ஸ்ரேன்னா உள்ள இருக்குறது அம்புட்டும் தெரியும். இருந்தா காட்டியிருக்கும்ல?" என்றேன். எனக்குத் தெரிந்து சொல்லவில்லை, மகள். ஆனால் லயத்தில் எல்லாருக்கும் காகிதம் படித்துச் சொல்கிறவன் நான். நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. "அப்ப சரி" என்று தலையை ஜன்னலில் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

அதற்கு அப்புறம் ஐந்து மாசம் கழித்து, எஸ்டேட்டுக்கு ஒரு பரிசோதனை வண்டி வந்தது. நாற்பது வயசு தாண்டிய பொம்பளைகளுக்கு மார்பைப் பரிசோதித்து, சந்தேகம் இருந்தால் வண்டிக்குள்ளேயே மேமோகிராம் எடுப்பார்கள் என்று சொன்னார்கள். மார்புக்கு என்றே தனியாக ஒரு எக்ஸ்ரே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பெயர் எழுதும் பொறுப்பு என்னுடையது. உன் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, அப்புறம் அடித்தேன். இவளுக்குத்தான் எக்ஸ்ரே எடுத்து நார்மல் என்று வந்துவிட்டதே, அந்த இடத்தில் இன்னொருத்தி போகட்டும் என்று நினைத்தேன். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. ஆள் பற்றாமல் துரை என்னைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். நன்றாகக் கத்தரி பிடிக்கிற ஒரு ஆள் மலையில் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அந்த ஆள் உன் அம்மா.

மூன்று மாசத்தில் அவளால் கத்தரியைத் தூக்க முடியாமல் போயிற்று. இந்தத் தடவை நிஜமாகவே தோள். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் கொண்டை போட முடியவில்லை, நான்தான் போட்டுவிட்டேன். நோய் எலும்புக்குப் போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. கோணல் மாணலாக நான் முடிந்துவிட்ட கொண்டையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "நீங்க எழுதுனது பலிச்சிருச்சு பாத்தீங்களா" என்று சொல்லிச் சிரித்தாள். கோபத்தில் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள். அன்றைக்குக் கேட்ட அந்தச் சிரிப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் மறுபடி கேட்டேன்.

கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய் என்று உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. படம் எடுக்கும் இடத்தில் ஒரு அம்மா இருந்தாள், நாற்பது வயசிருக்கும், பேச்சு நிதானமாக இருக்கும். "பழைய படம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நான் பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு சுருக்கம் இல்லாமல் எட்டு மாசம் பீரோவில் வைத்திருந்த ஃபிலிம் அது. விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இது தோளுங்க. மார்பை எப்ப எடுத்தீங்க?" என்றாள். நான் ஃபிலிமைக் காட்டி, இதுதான் என்றேன். "இதுல எலும்புதானுங்க பாக்க முடியும். மார்புல இருக்கற சின்னக் கட்டியெல்லாம் இதுல தெரியாதுங்க. எதைப் பாக்கோணும்னு எழுதிக் குடுக்கறாங்களோ அதைத்தானுங்க படம் புடிப்பாங்க. இப்புடி யாருங்க எழுதிக் குடுத்தது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் உன் அம்மா, "டாக்டருதாங்க" என்று சொல்லிவிட்டாள். வலியில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்போதும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு மேமோகிராம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பெரிய டாக்டர் கூப்பிட்டு, அக்குளுக்கும் எலும்புக்கும் போய்விட்டது, இனிமேல் குணமாக்குவதற்கு இல்லை, தள்ளிப்போடத்தான் முடியும் என்றார். பட்டாணி அளவில் வந்திருந்தால் பேச்சே வேறு என்றும் சொன்னார். தள்ளிப்போட்டது பதினாலு மாசம். அதில் ஏழெட்டு மாசம் நீ கூட இருந்து பார்த்துக்கொண்டாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் செத்து, எடுத்த அன்று நீ அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா சொல்லாம மூடி வச்ச? யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்று கத்தினாய். லயமே நின்று கேட்டது. நானும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்று கேட்டேன். பதினாலு வருஷமாக அவள் நினைவு நாள் வரும்போதெல்லாம் நீ இதையே சொல்கிறாய். போன வருஷம்கூட, அம்மா படிக்காதவள், வெட்கப்பட்டே செத்துப்போனாள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

உன் அம்மா மூடி வைக்கவில்லை. அவள் சொன்னாள். கண்டுபிடித்த அன்றைக்கே என்னிடம் சொன்னாள். வெட்கப்பட்டவன் நான். அவள் மேல் நீ வைத்திருக்கிற கோபம் முழுக்க என்னுடையது, இன்றிலிருந்து அதை என் மேல் வை. இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. ஆனால் கீழே எழுதுவதைப் படித்துவிட்டுப் பேசாமல் இரு.

இன்னொரு தப்பும் பாக்கி இருக்கிறது. பெரிய டாக்டர் அன்றைக்கு, "பொண்ணு இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "அம்மாவுக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே பொண்ணு பரிசோதனைய ஆரம்பிக்கணும், மறந்துராதீங்க" என்றார். நான் மறக்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டு, முப்பத்தேழு, இன்னும் நாள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். நீ கல்யாணமாகிப் போனாய், பிள்ளை பெற்றாய், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கூப்பிட்டு மழையைப் பற்றியும் யானை வந்ததைப் பற்றியும் பேசினேன். போன ஆடியில் உனக்கு முப்பத்தேழு முடிந்தது. அன்றைக்கும் கேக் வெட்டினாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். அப்பன் மகளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. யாரிடம் எழுதிக் காட்டினாலும் இது ஒரு காரணமா என்று காறித் துப்புவார்கள்.

உன் அம்மாவோடு அந்தப் படம் எடுக்கிற இடத்து பெஞ்சில் நான் உட்கார்ந்த நேரம் கொஞ்சநஞ்சமில்லை. படம் எடுக்கிற அந்த அம்மா டீ குடிக்க வெளியே வரும்போதெல்லாம் ஏதாவது கேட்பேன். நேரம் கடந்து பாடம் படித்தவன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சலிக்காமல் சொல்வாள். மேமோகிராம் என்றால் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. வலிக்கும், ஆனால் கொஞ்ச நேரம்தான். கைக்குத் தட்டுப்படாத சின்னப் புள்ளியைக்கூடக் காட்டும். ஆனால் உன் வயசுப் பெண்களுக்கு மார்பு அடர்த்தியாக இருக்குமாம். படத்தில் அடர்த்தியும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். காலையில் நம் மலையில் மூடுபனிக்குள் வெள்ளைச் சேலை கட்டிய ஆளைத் தேடுகிற மாதிரிதான். அதனால் அதோடு நிறுத்தக் கூடாது, ஜெல் தடவி உருட்டிப் பார்க்கிற அல்ட்ராசவுண்டும் பார்க்க வேண்டும் என்பாள். கட்டி நீர்க்கட்டியா, கெட்டிக் கட்டியா என்று அது பிரித்துச் சொல்லும். அம்மாவுக்கு வந்த குடும்பம் என்பதால் எம்ஆர்ஐ தேவையா என்றும் டாக்டரைக் கேட்க வேண்டும். குப்புறப் படுக்க வைத்து, கையில் மருந்து ஏற்றி, சத்தம் போடுகிற குகைக்குள் அனுப்புவார்கள். எல்லாருக்கும் அது வேண்டியதில்லை, யாருக்கு வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

எல்லாவற்றையும்விட அவள் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்று. கைக்குக் கட்டி தட்டுப்படுகிறது, படம் நார்மல் என்கிறது என்றால், படத்தை நம்பி வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, இன்னது என்று எழுத்தில் சொல்லும் வரைக்கும் நகரக் கூடாது. நிறையக் கட்டிகள் சாதாரணக் கட்டிகள்தானாம். உன்னுடையதும், அப்படி ஒன்று இருந்தால், அந்த ரகமாக இருக்கலாம். நான் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நார்மல் என்ற ஒரு வார்த்தையை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு எட்டு மாசம் நிம்மதியாகத் தூங்கியவன் நான். அந்த நிம்மதி உனக்கு வேண்டாம்.

இன்று காலை மழை கொஞ்சம் விட்டது. பஜாருக்குப் போய், இந்த மழையில் வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் பேக்கரி வாசலில் நின்று, கோயம்புத்தூரில் படம் எடுக்கிற அதே இடத்துக்குப் போன் போட்டேன். அந்த அம்மா இப்போது அங்கே இல்லையாம். ஒரு சின்னப் பெண் எடுத்து, "என்ன பாக்கோணுங்க?" என்று கேட்டாள். கடையில் ஐந்தாறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேர் என் கீழ் வேலை பார்த்தவர்கள். நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். அந்தப் பெண் மறுபடி, "ஏனுங்க, லைன்ல இருக்கறீங்களா?" என்றாள். "மார்பு. என் மகளுக்கு மார்பைப் பார்க்கணும். அவ அம்மா மார்புப் புத்துநோயில போனவ" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான், பிறகு வடையைக் கடித்தான். "செவ்வாக்கிழமை பத்தரைக்கு வந்துருங்க" என்று அந்தப் பெண் சொல்லி வைத்துவிட்டாள். அவ்வளவுதான், மகள். அவ்வளவுதான் இருந்தது அந்த வார்த்தையில். இதைச் சொல்ல முடியாமல்தான் உன் அம்மாவைக் கொன்றேன் என்று நினைத்தபோது, பேக்கரி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பேக்கரிக்காரன் தண்ணீர் கொண்டு வந்து வைத்தான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் வழியாக சாயங்காலம் திருப்பூர் வந்துவிடுவேன், மறுநாள் காலையில் சேர்ந்து கோயம்புத்தூர் போவோம். நீ மாப்பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவிடு, சொல்ல முடியவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கொடு. உனக்கு ஒன்றுமே இல்லை, தோள்தான் என்றாலும் வா. முப்பத்தேழு முடிந்தவளுக்கு வரவேண்டிய நாள் தாண்டிவிட்டது. உள்ளே நீ தனியாகப் போ. நான் வெளியே பெஞ்சில் இருப்பேன், கூட வந்து பக்கத்தில் நிற்க மாட்டேன். இந்தத் தடவை அந்த அறையில் உன் வாயை அடைக்கிற மாதிரி யாரும் நிற்கக் கூடாது.

கவுண்டரில் மட்டும் நீ பேச வேண்டாம். ரிட்டையரான அன்றைக்கு மிச்சமிருந்த துண்டுப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன். அதில் ஒன்று எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன். பத்திரமாகக் கொண்டு வா. செவ்வாய்க்கிழமை நானே அதை வாங்கி, பெரட்டில் வாசிக்கிற மாதிரி எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பேன்.

பெயர்: என் மகள்.
வயது: முப்பத்தேழு.
காரணம்: மார்பு. இவள் அம்மாவுக்கு மார்பில் கட்டி இருந்தது. அவள் அதை நேரத்துக்குச் சொன்னாள். இவளுடைய மார்பைப் பார்க்கவும்.
எழுதியவர்: அப்பா.